இருநூறு

குலசேகரத்தில் மழை. கரண்ட் ரெண்டு தடவை போய் வந்தது.
ரப்பர் ஏலத் தளத்துக்குள்
எனக்குப் பதிலாய் நுழைய
ஒரு புரோகிராம் எழுதுகிறேன்.

பெயர் கொடுத்தேன், பாஸ்வேர்ட் கொடுத்தேன்.
நானூற்று மூன்று.
முதல் வாசலில் தந்த குக்கியைக்
கையோடு கொண்டுபோகாவிட்டால்
அடுத்த வாசலில் ஆள் தெரியாதாம்.
கொண்டுபோனேன்.

சான்றிதழ் செல்லாது என்றது பிறகு.
'பார்க்காதே' என்று ஒரு வரி போதும்.
ஸ்டெல்வின் அப்படித்தான் போடுவான்.
போட்டேன்.
அழித்தேன்.

கரண்ட் போனதில்
பழைய கம்ப்யூட்டரின் தேதி
இரண்டாயிரத்துப் பத்துக்குத் திரும்பியிருந்தது.
அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை அங்கே.

நாலு மணி.
தலையில் லைட் கட்டிய பால்வெட்டுக்காரர்கள்
மழையைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள்.
திரையில் இருநூறு.
விலையல்ல, வழி விட்டதற்கான எண்.

'வணக்கம், ஜெபரூபி' என்றது தளம்,
நான் வராத இடத்தில்.