சாவி கண்டறியப்படவில்லை

கீழக்கரை சீனி ஜமால் துபாய்க்குத் திரும்பும் அவசரத்தில்
பாதி விலைக்குத் தள்ளிவிட்ட கார் இது.
"எல்லாமே இதுல ஆட்டோமேட்டிக், அக்கா" என்றார்.
எது எதை ஆட்டும் என்று சொல்லவில்லை.

காரங்காட்டுச் சேற்றில் பிடித்த நண்டு, நாற்பது கிலோ.
கொடுக்கைக் கட்டி, ஈரச்சாக்கு போர்த்தி
டிக்கியில் அடுக்கியாயிற்று.
மண்டபத்தில் கம்பெனிக்காரன் ஆறு மணிக்கு எடை போடுவான்.
செத்த நண்டுக்கு விலை இல்லை.

கிளம்பும்போதே தொடங்கியது.
பின்னால் இருப்பது ஒரு கருவேலங்கிளை;
வண்டிக்கு அது சுவர். கீ கீ கீ என்று அலறல்.
உப்பூர் தாண்டி ரோட்டில் மணல் ஏறி
வெள்ளைக்கோடு மறைந்துகிடந்தது.
கோட்டைக் காணாத ஸ்டீயரிங்
என் கையைப் பிடித்து இழுக்கிறது,
திருவிழாவில் தொலைந்த பிள்ளை
கண்ட சேலையை எல்லாம் இழுப்பதுபோல்.

ஒரு பிளாஸ்டிக் பை குறுக்கே பறந்தது.
தானாகவே பிரேக்.
பின்னால் வந்த ஐஸ் வண்டிக்காரன்
செத்துப்போன என் அம்மா வரைக்கும் போய்த் திட்டினான்.
அடுத்த வளைவில் நிஜ ஆடுகள், ரோட்டில் படுத்தபடி.
அப்போது அது வாயே திறக்கவில்லை.
நான்தான் மிதித்தேன்.

திரையைத் தொட்டால் போதுமாம்.
உப்பு காய்ந்த என் விரலை
அது விரலாகவே மதிப்பதில்லை.
முழங்கையால் தொட்டேன்.
ஏசி நின்றது, சீட்டு சூடேறத் தொடங்கியது.
மே மாதம். ராமநாதபுரம் ஜில்லா.
எந்த ஊர்க் குளிரை நினைத்து வைத்தார்களோ.

மூன்று முறை மதுரைக்கு ஓட்டிப் போயிருக்கிறேன்.
கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டு
"ஒரு ஃபால்ட்டும் காட்டலையே மேடம்" என்பான் பையன்.
அங்கே காட்டாது. அங்கே அது சமர்த்து.
கடல்காற்று முகத்தில் அடித்தால்தான் சாமி வரும்.
வாரண்டிப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன்;
எலி கடித்தால் என்ன என்பதற்கு ஒரு பக்கமே இருக்கிறது.
உப்பு என்ற சொல் இல்லை.

தேவிபட்டினம் செக்போஸ்ட்.
ஏட்டு தவசிலிங்கம் டார்ச்சை ஆட்டினார்.
"கடலட்டை போகுதுன்னு தகவல். டிக்கியத் திறங்க."
அமுக்கினேன்.
சாவி கண்டறியப்படவில்லை.

சாவி என் கையில்.
அதை ஏட்டிடம் காட்டினேன்.
டிக்கியிடமும் காட்டினேன்.
அடியில் காலை வீசினால் திறக்கும் என்று ஜமால் சொன்ன ஞாபகம்.
வீசினேன்.
விடியக்காலை நாலரைக்கு
ஒற்றைக்காலில் நின்று காரை உதைக்கும் பொம்பளையை
ஏட்டு பார்த்தார்.
டீக்கடை பெஞ்சும் திரும்பிப் பார்த்தது.

"உள்ள என்ன?"
"நண்டு."
"உசிரோடயா?"
"இதுவரைக்கும்."
குனிந்து டிக்கியில் காதை வைத்தார்.
சாக்கைப் பிறாண்டும் சத்தம்.
"அட்டை சத்தம் போடாது சார்."
"நண்டுக்கு அடியில அட்டைய வச்சா?"
நியாயமான கேள்விதான்.

பின்சீட்டின் ஓரத்தில் ஒரு கறுப்பு நாடா தொங்கியது.
வயர் இல்லை, விளக்கு இல்லை, வெறும் நாடா.
இழுத்தேன். சீட்டு மடிந்தது.
அந்தச் சந்தில் ஏட்டு கையை விட்டார்.
கட்டு அவிழ்ந்த ஒன்று
அவரை உடனே கண்டறிந்தது.

கட்டைவிரலைச் சப்பிக்கொண்டே
"எம் மச்சினனும் இதே வண்டியத்தான் வாங்கிருக்கான், பாவம்"
என்று வழிவிட்டார்.
எடை முடிந்து ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
கெஞ்சியதில் முப்பத்தொரு கிலோ எடுத்தார்கள்.

அன்று ராத்திரி இரண்டு மணிக்கு
யாரும் தொடாமல் டிக்கி தானே திறந்தது,
உள்விளக்கு எரிய, கல்யாண வீட்டு வாசல்போல்.
ஸ்டெப்னி இடுக்கில் ஒளிந்திருந்த ஒரு நண்டு
பம்பரில் கொஞ்சம் யோசித்து, தொப்பென்று விழுந்து
அலையாத்திப் பக்கம் நடந்தது.
வழி தெரிந்த நடை.

ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பிறகு செருப்பைத் தேடி மாட்டி,
போய்ப் பிடித்து வந்தேன்.
எண்ணூறு கிராம் தேறும்.