டொலுயீனில் அரை மணி நேரம்

பீடோங்கில் இரவு ஷிப்ட். மணி இரண்டு நாற்பது.
எஸ்டேட் டிஸ்பென்சரி இருந்த கட்டடம் இப்போது எங்கள் லேப்.
கையுறையின் உள்ளங்கையில் ஒரு வட்டம் வெட்டுகிறேன்:
இருபத்தைந்து மில்லிமீட்டர்,
பழைய இருபது காசைவிடச் சற்றுப் பெரிது.
டொலுயீனில் போட்டு மூடுகிறேன்.
முதலில் ஓரம் சுருள்கிறது,
அழைக்காத கல்யாணத்துக்கு வந்தவர் போல.
பிறகு விரிகிறது.

தண்ணீரில் இதே சங்கிலி
தன்னையே கட்டிக்கொண்டு கிடக்கும்.
பால் என்று நாம் சொல்வது அதைத்தான்,
ஒன்றையொன்று முறைத்தபடி மிதக்கும்
கோடானுகோடி உருண்டைகள்.
அமிலம் விழுந்தால் முறைப்பு போகும்.
கட்டியாகிவிடும்.

டொலுயீனில் அப்படியில்லை.
ஒவ்வொரு கண்ணிக்கும் பக்கத்தில்
ஏறக்குறைய தன் சாயலில் ஒரு மூலக்கூறு.
தன்னோடு ஒண்டுவதற்கும் அதோடு ஒண்டுவதற்கும்
செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் நீள்கிறது.
இதில் அன்பு ஒன்றுமில்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வெப்பநிலை உண்டு,
வேறேதோ திரவத்தில்.
அங்கே வீக்கமும் இல்லை, ஒடுக்கமும் இல்லை.
பாசார் மாலாம் கலைந்த திடலில் நாய் போவதுபோல்
சங்கிலி தன் போக்கில் அலையும்.
பாலிடெக்னிக்கில் படித்தது, பரீட்சைக்கு வரவில்லை.
எனக்கு அதன்மேல்தான் பொறாமை.

மூன்று பத்து.
இடுக்கியால் எடுத்துக் கட்டத்தாளில் வைக்கிறேன்.
நாற்பத்தெட்டு.
நாற்பத்து மூன்றுக்குள் நின்றிருக்க வேண்டும்.
கந்தக முடிச்சு போதவில்லை.

"கொஞ்சம் சீக்கிரம் எடுத்திருக்கலாமே"
என்கிறார் என்சிக் ஹைருல், சிரித்துக்கொண்டே.
அந்த ஏர்கோன் அறையில் என் மலாய்
எப்போதும் உருண்டையாகிவிடும்.
இன்றைக்கு ஒரே ஒரு சொல் மிஞ்சியது: "தீடாக்".
படிவத்தில் 48 என்று எழுதி, க. தவமலர் என்று கையெழுத்திட்டேன்.
எண்பதாயிரம் ஜோடியைப் பிஷ்ணு பகதூர்
வந்த வழியே தள்ளிக்கொண்டு போனான்,
நேப்பாளியில் என்னைத் திட்டியபடி.
அவனுக்கு ஓவர்டைம் போச்சு.

காலை ஏழு. செம்பனை லாரிகள் கிளம்பிவிட்டன.
புகைப்பெட்டிக்குள் வட்டம் காய்ந்து கிடக்கிறது,
டொலுயீன் முழுக்கப் பறந்து.
யாரும் கேட்காத அளவு ஒன்றை எடுத்தேன்.
இருபத்து நாலரை.

குறைந்த அந்த அரை,
எந்த முடிச்சிலும் அகப்படாதது,
கிண்ணத்திலேயே தங்கிவிட்டது.
கண்ணுக்குத் தெரியவில்லை.
கழிவுக் கேனில் ஊற்றும்போது மட்டும்
கொஞ்சம் மெதுவாக
விழுந்த மாதிரி இருந்தது.