தவறான பச்சை

சோஃபியா, ம்லாடொஸ்ட் பகுதி,
ஏழாவது மாடி.
ஜன்னலுக்கு வெளியே வித்தோஷா மலை இருக்கிறதாம்.
திரை கூசும் என்று
சீலையை யாரும் விலக்குவதில்லை.

ஒரு படத்துக்குப் பதினொரு விநாடி.
இருக்கலாம் என்றால் பச்சை,
கூடாது என்றால் சிவப்பு.
தெரியவில்லை என்பதற்குப் பொத்தான் வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு கரித்துண்டுச் சித்திரம் வந்தது.
குளியல் தொட்டியில் ஒரு கிழவர்.
தோள் எலும்பு தோலைக் கூடாரமாக்கி நிற்கிறது.
அறுவைத் தழும்பு தொப்புளைச் சுற்றிப் போகிறது,
ஊருக்குள் நுழையாத சாலை மாதிரி.
தண்ணீர் எதையும் மறைக்கவில்லை.
தண்ணீருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

வரைந்தவர் யெட்ஸ்கெ,
நெதர்லாந்தின் வடக்கே லேவார்டன்.
மாதம் மூன்று யூரோ கட்டி
இருநூற்றுப் பதினாறு பேர் அவர் வரைவதைப் பார்க்கிறார்கள்.
படத்தின் கீழே இரண்டே வரி,
எந்திரம் பல்கேரியனில் பெயர்த்துத் தந்தது:
"என் கணவர்.
இன்று அவரே சோப்புப் போட்டுக்கொண்டார்."

பச்சை.
எட்டு விநாடி மிச்சமிருந்தது.
அதையும் அவரிடமே செலவழித்தேன்.

வியாழக்கிழமை
அதே தொட்டி, அதே தழும்பு.
யாரோ புகார் கொடுத்திருந்தார்கள்.
விதி மாறவில்லை,
அதே நாற்பத்தேழு பக்கம்தான்.
என் மதிப்பெண் தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே
இறங்கியிருந்தது, அவ்வளவே.
தவறான பச்சைக்கு இரண்டு புள்ளி போகும்.
தவறான சிவப்புக்கு அரைப் புள்ளி.
வாடகை வெள்ளிக்கிழமை.

சிவப்பு.

ஒரு கண்ணில் வெண்ணெய்,
ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்கள்.
எனக்கு அப்படியில்லை.
ஒரே கண்தான்.
செவ்வாய் வெண்ணெய், வியாழன் சுண்ணாம்பு.

அடுத்து வந்தது ஒரு படகு.
பத்தொன்பது லட்சம் சந்தாதாரர்கள்.
படகில் என்ன நடந்தது என்று நான் எழுதமாட்டேன்,
முப்பத்தோராம் பக்கம் அதைச் சொல்ல
ஆறு பத்தி எடுத்துக்கொள்கிறது.
சிவப்புக்கு விரல் போவதற்குள்
மஞ்சள் பட்டை விழுந்தது:
தொடாதே, மேலே பார்த்துக்கொள்வார்கள்.

எங்கள் கட்டடத்துக்கு
எட்டாவது மாடி கிடையாது.

பக்கத்து நாற்காலி பொகோமில்
நேற்று உப்பிய ரொட்டி மாவைச் சிவப்பாக்கினான்.
மார்பகம், தொண்ணூற்றாறு சதவீதம் என்றது எந்திரம்.
"நான் யார் அதோடு சண்டை போட?
என் வீட்டில் ரொட்டி வாங்கித்தான் சாப்பிடுகிறோம்."
சிரித்தோம்.
அந்த ரொட்டிக்காரிக்கு அது மூன்றாவது சிவப்பு என்று
பிறகுதான் பார்த்தோம்.
மூன்றுக்கு மேல் கணக்கு கிடையாது,
கடையும் கிடையாது.

மேல்முறையீடு அதே ஆளிடம் வரக்கூடாது.
சனி இரவு நாங்கள் இரண்டே பேர்,
பொகோமிலுக்குக் காய்ச்சல்.
யெட்ஸ்கெ எழுதியிருந்தார்:
"செவ்வாயன்று அனுமதித்தீர்கள்.
வியாழனன்று அவர் உடம்பில் என்ன கூடியது?
எடை என்றால் சொல்லுங்கள்,
மருத்துவர் மகிழ்வார்."
பதில் எழுத எனக்குப் பெட்டி இல்லை.
நான்கு வார்ப்பு வாக்கியங்கள் உண்டு.
இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்,
அதில்தான் "வருந்துகிறோம்" வருகிறது.

திங்கள் காலை புதிய படம்.
அதே தொட்டி. அதே கிழவர்.
கம்பளிக் கோட்டு, கழுத்துவரை பொத்தான்.
மஃப்ளர். கையுறை. தொப்பி.
நெஞ்சுவரை தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறார்.
நனைந்த கம்பளியின் பாரம்
ஒவ்வொரு கோட்டிலும் கீழே இழுக்கிறது.
முகம் மட்டும் தெரிகிறது,
யாரோ சொன்னதற்காகச் செய்கிறவரின் முகம்.
கீழே ஒரே சொல்: "விதிப்படி."

எந்திரம்: ஆபத்தில்லை, பூஜ்யம் சதவீதம்.

இந்த நாற்காலியில் மூன்று வருடம்.
இவ்வளவு ஆபாசமான படத்தை
நான் பார்த்ததில்லை.

பத்தாவது விநாடியில் பச்சை அழுத்தினேன்.
மதிப்பெண்
தொண்ணூற்று மூன்றானது.