ஏழே முக்கால்

ஏழே முக்காலுக்கும் எட்டரைக்கும் இடையில்தான்
கல்லடியில் வெயில் ஒள்ளுப்பம் சொல்வழி கேட்கும்.
அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

நாலடிக்கு மூன்றடி.
மாடிக்கு ஏற்ற டிலக்சன் பின்பக்கம் பிடித்தான்.
கடற்காற்றுக்குக் கித்தான் பாய்மரமாய்ப் புடைக்க
இரண்டு சீமெந்துக் கல்லை அண்டை கொடுத்துக்
கைப்பிடிச் சுவரில் சாய்த்தோம்.
மீன்பெட்டியின் வெள்ளை ரெஜிபோம் மூடியை
அவன் தூக்கிப் பிடிக்க
இருண்ட மூலைக்கும் வெளிச்சம் போய்ச் சேர்ந்தது.
மூடியில் இன்னும் சூரை மணம்.

படத்தில் இருப்பது எங்கள் முன்னறை,
பதினொராம் ஆண்டு, தை மாதம்.
சுவரில் கலண்டர், கதவு திறந்த அலுமாரி,
இடுப்பளவு தண்ணி.
ஆட்கள் இல்லை. எத்தனை தரம் வரைந்தும்
ஆள் மட்டும் எனக்கு வரவில்லை.
தண்ணி வந்தது. அந்த நிறத்துக்கு நான் பட்ட பாடு:
மண்ணிறத்தில் பச்சை, பச்சையில் ஒரு சொட்டுக் கறுப்பு,
மறுகா, ஆறிப்போன பால்தேத்தண்ணி.

போன் அதைப் பார்த்தது.
ஒரு கணம் யோசித்தது.
நீலமாக்கித் தந்தது.

தண்ணி என்றால் நீலம் என்று
யாரோ அதற்குப் படிப்பித்திருக்கிறார்கள்.
பாசிக்குடா ஹோட்டலின் நீச்சல் குளத்தில்
எங்கள் அலுமாரி மிதந்தது.

"வடிவா இருக்கு கா" என்றான் டிலக்சன்.
அந்த வெள்ளத்தில் அவனுக்கு எட்டு மாதம்.

கீழே வந்து, மின்விசிறிக்குக் கீழே இருந்து
விரல் நுனியால் நீலத்தை இறைக்கத் தொடங்கினேன்.
நிறத்தைக் குறைத்தால்
கலண்டரில் முருகன் வெளிறிப்போனார்.
சூட்டைக் கூட்டினால் சுவருக்குக் காமாலை.
சரிந்த விளிம்பை நிமிர்த்தினால்
அலுமாரியின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டது.
பதின்மூன்றாம் தரம்
சேறு சேறாகவே திரும்பி வந்தது,
கிட்டத்தட்ட.

அதற்குள் கைதவறி நீலமும் போய்விட்டிருந்தது.
ஸ்காபுரோவிலிருந்து அருட்பிரகாசம் எழுதுகிறார்:
"தங்கச்சி, முதல் அனுப்பினதுதான் திறம்.
எங்கட ஹோலுக்குப் பொருந்தும்.
சோபாவும் நீலம்."

ஒரு லட்சத்து இருபதாயிரம்.
இரண்டு மாத வாடகை பாக்கி.

பதில் எழுதாமல்
அழிக்க வேண்டியவற்றைத் தட்டிக்கொண்டு போனேன்.
மங்கல். மங்கல். டிலக்சனின் பெருவிரல். காகம்.

மறுகா ஒன்று.
வெயிலுக்கு முதுகு காட்டி நின்ற என் நிழல்
படத்துக்குக் குறுக்கே விழுந்திருக்கிறது.
கால்கள் மாடித் தரையில்.
இடுப்பு தண்ணிக்குள் கரைந்துபோய்,
சுவரில் தலை, தூக்கிய இரண்டு கை.
போனைப் பிடித்த கைகள்தான்.
ஆனால் அன்றைக்கும் இப்படித்தான்
அரிசி வாளி நனையாமல் உயர்த்திக்கொண்டு
அந்த அறையை நான் கடந்தேன்.

இதை எந்தப் பக்கமும் வெட்டவில்லை.
வெளிச்சம் கூட்டவில்லை.

மணி பத்தாகிறது.
அருட்பிரகாசத்துக்கு இனித்தான் எழுத வேண்டும்.
படம் இன்னும் மேலே, வெயிலுக்குள்.
இறக்குவதற்கு
டிலக்சனைக் கூப்பிட்டேன்.