சுழற்சி: மூவாயிரம்

நீடாமங்கலம் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால்
ரைஸ்மில் ஆபீசில் எனக்கொரு ஸ்டூல்,
ஆடை படிந்த டீ,
தொண்ணூற்று மூன்றில் எழுதிய நெல் கொள்முதல் புரோகிராம்.
பழைய பெட்டி போன மழையில் புகைந்துவிட்டது.
புதுப் பெட்டி இதைத் தொடமாட்டேன் என்கிறது.
பதினாறு பிட்டாம். தீட்டாம்.

"புதுசாவே போட்டுடலாமே சார்?"
கணக்கர் அமிர்தகடேசன் நிமிரவில்லை.
"இதுதான் வேணும். மொதலாளி சொல்லிட்டாரு."

முதலில் விர்ச்சுவல் மெஷினில் ஃப்ரீடாஸ்.
அதே கறுப்புத் திரை, அதே துடிக்கும் கோடு,
வேகம் மட்டும் இன்றையது.
இந்தப் புரோகிராம் கண் விழித்ததும்
ஒரு துளி நேரத்தில் எத்தனை எண்ணலாமென்று
தன்னையே சோதித்துப் பார்க்கும்.
எண்ணிய எண் கைக்குள் அடங்கவில்லை.
பூஜ்யத்தால் வகுத்தாய் என்று
யார்மீதோ பழி போட்டுச் செத்தது.
பிழை 200.

அடுத்தது வீடாஸ். சாகவில்லை.
பிரிண்டும் மணிமணியாக விழுகிறது.
ஆனால் சவரிராயன் என்றொருவர்
புள்ளி புள்ளியாய் வரைந்து ஏற்றிய தமிழ் எழுத்து
இதற்குப் பிடிபடவில்லை.
நெல் இருந்த இடத்தில்
தலையில் கொம்பு முளைத்த ஏதோ ஐரோப்பிய எழுத்து.

டாஸ்பாக்ஸில் தமிழ் தெரிந்தது.
விளையாட்டுக்காரர்களுக்குச் செய்தது;
வேகம் நம் விரலில்.
பிரிண்டர் என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
கடைசியில் அதன் தம்பி டாஸ்பாக்ஸ்-எக்ஸ்.
கான்ஃபிக் ஃபைல் மாயவரம் வரைக்கும் நீளம்,
ஆனாலும் மதியத்துக்குள்
டிவிஎஸ் பிரிண்டர் கிறீச்சிட்டது:
பூவனூர் வீராச்சாமி, குறுவை, 41 மூட்டை.

காகிதம் சிக்கியது.
கொஞ்சம் மூச்சு வாங்கட்டுமென்று
கன்ட்ரோலும் எஃப் பதினொன்றும் சேர்த்து
நாலைந்து முறை அழுத்தி இறக்கினேன்.
அடுத்த பில்.
எடைக்கும் கழிவுக்கும் நடுவில்
ஒரு வரி வந்து நின்றது:

ஈரம் கேட்காதே. மூட்டைக்கு ஒரு கிலோ கழி.
சொன்னபடி எழுதினேன். சவரிராயன்.

இரண்டு வினாடி. போய்விட்டது.
பழைய பெட்டியில் இது
கண் சிமிட்டும் நேரம்கூட நின்றிருக்காது.

வாசலில் டிராக்டர்கள்.
யாரோ ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் தேய்த்து
ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
மேசையில் ஈரமானி,
உறைகூடப் பிரிக்காமல்.

அமிர்தகடேசன் கண்ணாடியைக் கழற்றினார்.
"வேகத்த ஏத்தும்மா."
ஏற்றினேன்.

கூலி இரண்டாயிரத்து ஐந்நூறு, ரொக்கம்.
திரையின் கீழ் விளிம்பில்
வழக்கம்போல் மஞ்சள் சீட்டு ஒட்டினேன்:
சுழற்சி 3000.
ரொம்ப ஏற்றினால் பிழை 200.
ஏற்ற எஃப் 12, இறக்க எஃப் 11, கூடவே கன்ட்ரோல்.
ஜுலைகா சிஸ்டம்ஸ், கூத்தாநல்லூர்.

ஸ்கூட்டியைத் திருப்பும்போது ஜன்னலில் தெரிந்தது.
சீட்டுக்கு வெகு அருகே முகத்தைக் கொண்டுபோய்,
இடக்கையால் கன்ட்ரோலை அமுக்கிப் பிடித்தபடி
ஒற்றை விரலால்
எஃப் பதினொன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.