நத்தைக்குப் பின்நடை இல்லை

ஜூலை. இரவு பதினொன்று நாற்பது.
சூரியன் கடல்மேல் உட்கார்ந்துகொண்டு
எழுந்து போக மாட்டேன் என்கிறது.
லொஃபோட்டன் தீவுகளில் இந்த மாதம் யாரும் தூங்குவதில்லை,
கேரவன்காரர்கள் சத்தியமாகத் தூங்குவதில்லை.

என் முதுகுக்குப் பின்னால்
பத்தொன்பது டன் சால்மன் ஐஸில் படுத்திருக்கிறது.
நேற்றுக் காலைவரை நீந்திக்கொண்டிருந்தது.
வெள்ளி விடிவதற்குள் அது போலந்தில்,
புகைபோடும் ஆலையின் வாசலில் நிற்க வேண்டும்.

எனக்கு முன்னால் ஒன்பது.
எண்ணிவிட்டேன், வேறு என்ன வேலை.
டச்சு, ஜெர்மன், டச்சு, பின்லாந்து, மறுபடி டச்சு.
முதல் வண்டி ஐம்பதில் போகிறது,
மலை தெரிந்தால் முப்பதில்,
ஆடு தெரிந்தால் நின்றேவிடுகிறது.
கண்ணாடி இறங்கும். ஒரு கை வெளியே வரும். கையில் போன்.
அந்த ஆட்டை வாரம் இருமுறை பார்க்கிறேன்.
ஆடு, ஆடுதான்.

போனில் ரைமோண்டாஸ், நார்விக் தாண்டி எங்கிருந்தோ,
லிதுவேனிய மொழியில் பொழிகிறான்,
எழுத்தில் வைக்க முடியாத சொற்களாக.
நானும் சேர்ந்துகொள்கிறேன்.
திட்டுவதும் ஒரு ஓய்வு;
சட்டம்தான் அதை ஓய்வுக் கணக்கில் சேர்ப்பதில்லை.
நேற்று என் நேரம் முடிந்து ஒதுங்கப் போன இடத்தில்
வரிசையாக நாற்காலிகள், ஒரு பூப்பந்து வலை.
'லாரிகளுக்கு மட்டும்' என்ற பலகையில்
யாரோ குளித்த துண்டைக் காயப்போட்டிருந்தார்கள்.

ஒன்பதும் ஒரு கடற்கரைப் பக்கம் திரும்பிப்போயின.
அப்புறம் பாலம்.

ஒரு வண்டிக்கே அளந்து கட்டிய அகலம்,
நடுவில் பூனைபோல் முதுகைத் தூக்கிய பாலம்,
ஏறும்வரை அந்தப் பக்கம் தெரியாது.
உச்சியில் வந்து நின்றேன்.
எதிரே, மூக்குக்கு மூக்காக, வெள்ளையாய் ஒரு கேரவன்.

என் பின்னால் ஆறு வண்டி. அவர் பின்னால் யாருமில்லை.
கணக்குப்படி அவர்தான் போக வேண்டும்.
முயன்றார்.
கார் இடதுபக்கம் போனது, வீடு வலதுபக்கம் போனது,
கைப்பிடிக் கம்பியில் 'கிறீச்' என்று ஒரு சத்தம்.
நத்தைக்குப் பின்நடை இல்லை.

ஹாரன்மேல் கை வைத்தேன்.
அப்போது அவர் முகம் தெரிந்தது.
எடுத்துவிட்டேன்.

இறங்கினேன். அவரும் இறங்கி, விருந்துக்கு வந்தவர்போல்
கை நீட்டி, 'வீபெ' என்றார்.
அறுபத்தெட்டு இருக்கும். வார்த்தை நடுங்கியது.
'வாங்கிப் பதினோரு நாள். இதுவரை
முன்னால் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன்.'
சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

உள்ளே வெயில் கிரீம் வாசனை, ஆரஞ்சுத் தோல்.
அவர் மனைவி இறங்கவில்லை.
'என்ன ஏற்றிப் போகிறீர்கள்?'
மீன் என்றேன்.
'நாங்களும் இன்று மீன்தான் சாப்பிட்டோம்' என்றார்,
அதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மெதுவாக.
இடம் போக வலம் ஒடிக்க வேண்டும்,
பிறகு ஒடித்ததின் பின்னாலேயே போய் அதைப் பிடிக்க வேண்டும்.
நூற்றெண்பது மீட்டர்.
பின்னால் எங்கோ ஒரு கரண்டி
ஒவ்வொரு ஒடிப்புக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தது.
கட்டில், அடுப்பு, மாத்திரைப் பெட்டி,
இரண்டு பேருடைய தலையணைகள்,
எல்லாவற்றையும் முதுகுப்பக்கமாகத் தரையில் இறக்கினேன்.

பதினேழு வருடமாகச் சம்பளத்துக்குச் செய்கிற காரியம்,
இருட்டில், கிடங்குகளின் பின்வாசலில்.
யாரும் பார்த்ததில்லை.
அந்த அம்மாள் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'காபி?' என்றார் வீபெ, பாலத்திலிருந்து ஓடிவந்து, மூச்சு வாங்க.
நான் லாரியைக் காட்டினேன்.
அடியில் ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது.
பின்னால் நின்ற ஆறில் ஒன்று பொறுமை இழந்து அலறியது,
அதுவும் கேரவன்தான்.

கடந்து போகும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்.
சாலையோரம் வீபெ, போனை உயர்த்திப் பிடித்து,
என் லாரியைப் படம் எடுக்கிறார்,
ஆட்டை எடுப்பார்களே, அதேபோல.

ஹாரன் அடித்தேன்,
சும்மாதான்.