மில்லியனில் பத்து

நாற்பத்தொன்றாம் தொகுதி. இரவு இரண்டேகால்.
லியுப்லியானாவில் நவம்பர் என்றால்
ஆற்றிலிருந்து ஏறிவரும் மூடுபனி
தெருவிளக்குகளைக் கழுத்துவரை விழுங்கிவிடும்.

கோராஸ்த் புட்டியை வெளிச்சத்தில் பிடிக்கிறான்.
எலுமிச்சை மஞ்சளாய் இருக்கவேண்டிய படிகம்
ஓரத்தில் செங்கல் நிறம் கண்டிருக்கிறது.
"யாரோ மூடியைச் சரியாகத் திருகவில்லை, நேஷா."
யாரோ என்றால் அவன்தான். நான் வாய் திறக்கவில்லை.
ஓரத்தைச் சுரண்டி ஒதுக்கிவிட்டு
நடுவிலிருந்து பதினோரு கிராம் நிறுக்கிறான்.
அதில் பல்லேடியம் ஒரே ஒரு கிராம்.
மற்றதெல்லாம் குடை பிடித்துச் சூழ்ந்து நிற்கும்
பாஸ்பீன்கள், அணுவுக்கு நாலு.

நைட்ரஜன் குமிழிகள் காற்றைத் துரத்த நாற்பது நிமிடம்.
எண்பது டிகிரி. கலக்கி சுழல்கிறது.
சூட்டில் குடைகள் இரண்டு விலகும்.
அந்த வெற்றிடத்தில்தான் எல்லாம் தொடங்கும்.

பள்ளிப் பிள்ளைகள் பார்வையிட வந்தபோது
இயக்குநர் சொன்னார்: வினையூக்கி ஒரு கல்யாணத் தரகர்.
பிள்ளைகள் சிரித்தபடி குறித்துக்கொண்டார்கள்.
எனக்கு மட்டும் தொண்டையில் முள்.
தரகர் வாசலில் நிற்பார், கமிஷன் வாங்குவார்,
வேட்டி கசங்காமல் வீடு திரும்புவார்.

இது
கார்பனுக்கும் புரோமினுக்கும் நடுவே
தன் உடம்பையே நுழைத்து அந்தப் பிடியை அறுக்கிறது.
அறுந்த இரண்டையும் தன்மேலேயே சுமக்கிறது.
புரோமின் இறங்கிப்போன பக்கத்தில்
போரான் கைமாற்றிவிட்ட இன்னொரு கார்பனை
ஏற்றிக்கொள்கிறது.
இப்போது தோளுக்கு ஒருவராய் இருவர்.
ஒருவர் பக்கம் ஒருவர் சாய்கிறார்கள்.
சாய்ந்து சேர்ந்த கணத்தில்
கீழே விழுவது
தோள்.

விழுந்தது எழுந்து அடுத்த புரோமினிடம் போகும்.
நூறு முறை. களைத்தால்
தன் இனத்தோடு ஒட்டிக் கறுத்துப்போகும்.
விடியும்போது கலனின் உட்சுவரில்
முகம் தெரியாத ஒரு கறுப்புக் கண்ணாடி.

வடிகட்டி உலர்த்திய தூள் வெள்ளை.
தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளை.
கிட்டத்தில், கழுவாத சாம்பல் கிண்ணத்தில் கொட்டிய உப்பு.
யாரோ ஒருவரின் ரத்த அழுத்தத்துக்குப் போகவேண்டிய மாத்திரை இது.
மில்லியனில் பத்துப் பங்குக்கு மேல்
சேர்த்துவைத்தவரின் சுவடு இருக்கக் கூடாது.
அந்தச் சுவடை எண்ணத்தான் எனக்குச் சம்பளம்.

முதல் அளவு: இருபத்தாறு.

கந்தகம் பூசிய சிலிக்காவைக் கொட்டி
மறுபடி கரைத்து, மூன்று மணி நேரம் கலக்கினோம்.
கந்தகத்துக்குப் பல்லேடியம் என்றால் விடாப்பிடி.
வெள்ளைச் சிலிக்கா மெல்ல மெல்லத்
தேயிலை நிறமானது.
கோராஸ்த் நாற்காலியிலேயே தூங்கிப்போனான்.

ஏப்ரலில் என் மோதிரத்தை விற்றேன்.
வெள்ளைத் தங்கம். நகைக்கடைக்காரர்
கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு,
"இந்த வெண்மை பல்லேடியத்தால் வந்தது,
நூற்றுக்குப் பன்னிரண்டு" என்றார்.
பணம் கொடுத்தது தங்கத்துக்கு மட்டும்.
மற்றதைக் கணக்கில் சேர்ப்பதில்லையாம்.
உருக்காலைக்குப் போயிருக்கும்.
பிறகு எங்கே என்று நான் கேட்கவில்லை.
எட்டு வருடம் எங்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது அது என்று
இப்போது சொன்னால் கோராஸ்த் சிரிப்பான்.
பிடித்திருக்கவில்லை என்பதே உண்மை.
வெளுப்பாக்கியது, அவ்வளவுதான்.

இரண்டாம் அளவு: மூன்று புள்ளி இரண்டு.

ஏற்கலாம். கையெழுத்துப் போடுகிறேன்.
பூஜ்யம் என்று இந்த இயந்திரம்
இதுவரை என்னிடம் சொன்னதேயில்லை.

தேயிலை நிறச் சிலிக்காவும் கலன் சுரண்டிய கறுப்பும்
நீல டிரம்மில் சேர்கின்றன.
வியாழக்கிழமை லாரி வரும், எல்லை தாண்டி ஜெர்மனிக்கு.
எரித்து, கரைத்து, திரும்ப மஞ்சளாக்கி
வேறொரு புட்டியில் அனுப்புவார்கள்.

கோராஸ்த் எழுந்துவிட்டான்.
மிச்சமிருந்த படிகத்தின்மேல் நைட்ரஜன் ஊதுகிறான்.
மூடியைத் திருகுகிறான்.
வாசல்வரை போய்த் திரும்பி வந்து
இன்னொரு முறை திருகுகிறான்.